சொல்லாமல் விட்டுப்போன வீடு

வில்லாபுரத்தில் அவர்கள் தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், பாடையைத் தூக்குவதற்கு முன்னால் நல்லகாமன் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். தோளில் கிடக்கும் துண்டு அப்போது இடுப்புக்கு இறங்கியிருக்கும். பெண்கள் பக்கம் குனிந்தும் ஆண்கள் பக்கம் தலையை நீட்டியும், "யாருக்காச்சும் சொல்லாம விட்டுப்போச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று கேட்பார். பெரும்பாலும் ஒரு பெயர் வந்து விழும். கோபித்துக்கொண்டு போன ஒரு மருமகன், திருப்பூர்ப் பக்கம் போய்விட்ட ஒரு ஒன்றுவிட்ட தங்கை. அந்த ஒருத்தருக்காகப் பாடை காத்திருக்கும். வெட்டியான் முணுமுணுத்தாலும் காத்திருக்கும்.

வெள்ளிக்கிழமை அவரே ஹாலின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தார். அன்றைக்கு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

அது அவர் மகள் ரோகிணிக்கு உறைத்தது திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, அப்பாவின் செல்போன் அடித்தபோது.

போன் அலமாரியில் அவருடைய மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தது. மூன்று நாளாக அதற்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருந்தாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. திரையில் 'அக்கா' என்று எழுதியிருந்தது. எடுத்தாள்.

"யாரு, ரோகிணியா? எங்கத்தா ஒங்கப்பன்? பெரிய ஆளாயிட்டான், இனிமே போன எடுக்க மாட்டானோ?"

மாயக்காள் அத்தையின் குரலில் சிரிப்பு நிறைந்து வழிந்தது. வாடிப்பட்டிக்கு மாத்திரை வாங்க வந்தாளாம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் தம்பி படத்தைப் போட்டு வீட்டு உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்களாம். கோட்டு சூட்டெல்லாம் போட்டு மாப்பிள்ளை மாதிரி நிற்கிறானாம். சுற்றிலும் தாமரைப்பூ, மேலே இரண்டு புறா, கீழே கரண்டாபீஸ்காரர்கள் வரிசையாகத் தலை தலையாக. மினிபஸ்ஸில் வந்த அத்தனை பேரிடமும் அத்தை அதைக் காட்டினாளாம், இவன் என் கூடப்பொறந்தவன் என்று.

"ரிட்டயர்மெண்ட் விழாவுக்கு இம்புட்டுச் செலவு பண்ணத் தெரியுது, அக்காளுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியல. நேத்து ரெண்டாவது ஞாயிறு, வருவான்னு கோழி அடிச்சு வச்சிருந்தேன். வரல. அப்பவே நெனச்சேன், விழா வேலையா அலையுறான்னு. சரி, அவன்கிட்ட குடு."

ரோகிணி அப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தாள்.

"அப்பா வெளிய போயிருக்காக அத்தை."

"எங்க போனாலும் சோறு திங்க வருவான்ல. நாளைக்கு மொத பஸ்ஸுக்கு நானே வாரேன். வேட்டி துண்டு எடுத்துட்டேன். அவன்கிட்டச் சொல்லிராத, என்ன."

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தப் பக்கத்தில் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே கடையில்தான் ஃப்ளெக்ஸ் அடிக்கிறார்கள். அதே தாமரை, அதே புறா, எந்தத் தலையை வைத்தாலும் பொருந்தும் அதே நீலக் கோட்டு. எழுத்து மட்டும் மாறும். நல்லகாமன் வாடிப்பட்டியில் பதினொரு வருஷம் லைன்மேனாக இருந்தவர். இந்த மாதக் கடைசியில் ரிட்டயர்மெண்ட். உடன் வேலை பார்த்தவர்கள் கண்ணீர் அஞ்சலி என்று போட்டு வைத்ததை, அக்கா விழா என்று வாசித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நடந்ததை ரோகிணி திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். விடிகாலையில் மோட்டார் போட்டுவிட்டு அப்பா மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார். தொட்டி நிரம்பிப் படியெல்லாம் தண்ணீர் இறங்கி வந்தது. மோட்டாரை நிறுத்தாமல் எங்கே போனார் என்று கடிந்துகொண்டேதான் அவள் மேலே ஏறினாள். தண்ணீர் அவரைச் சுற்றிக்கொண்டு இறங்கியது, ஆற்றில் கிடக்கும் ஒரு கல்லைச் சுற்றி ஓடுவதைப் போல. மாரடைப்பு என்றார் டாக்டர். சனிக்கிழமைக்கு உடம்பை வைத்திருக்கக் கூடாது, சாயங்காலமே எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அவசரம் எல்லாருடைய காலிலும் ஏறிக்கொண்டது.

அப்பாவின் போனை அவள் கையில்தான் கொடுத்தார்கள். பார்த்து எல்லாருக்கும் சொல்லு என்றார்கள். பட்டியலின் முதலிலேயே 'அக்கா' இருந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் விரலால் மேலே தள்ளினாள். இது போனில் சொல்லக்கூடிய இடம் இல்லை, இதற்கு ஆள் போகும் என்று நினைத்தாள்.

அது அப்பா சொல்லித்தந்த கணக்கு. சாவுச் சேதியைக் கேதம் என்பார்கள். கேதம் சொல்ல நேரில்தான் போகவேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். கேட்கிறவர் விழுந்தால் பிடிக்க ஒரு கை வேண்டும், போனுக்குக் கை இருக்கிறதா என்பார். தெருவில் அந்த வேலை அவருக்கென்றே ஆகிவிட்டது. நல்லகாமண்ணன் வண்டிச் சத்தம் கேட்டாலே வயிற்றைக் கலக்குது என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். ஒரு டீயைக் குடித்துவிட்டு வருகிறேன், உன் வீட்டுக்கு இல்லை, பயப்படாதே என்பார் அவரும். வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்துதான் போவார். முதலில் பக்கத்து வீட்டில் ஒருத்தரைக் கூப்பிட்டுத் தயாராக நிற்கவைப்பார். வாசலைத் தாண்ட மாட்டார். தண்ணீர் கொடுத்தால் வாங்க மாட்டார், கேதம் கொண்டுபோகிறவன் அந்த வீட்டில் வாய் நனைக்கக் கூடாது. பிறகு, உள்ளே அடுப்பு எரிகிறதா என்று கேட்டு அதை அணைக்கச் சொல்வார்.

"லைன ஆஃப் பண்ணாம கம்பத்துல ஏறலாமா?" என்று ஒரு தடவை ரோகிணியிடம் சொன்னார். "சேதி காதுல விழுந்த பெறகு யாரு அடுப்பப் பாப்பா?"

அத்தை வீட்டிலும் அப்படித்தான் நின்றார், பதினேழு வருஷத்துக்கு முன்னால். அத்தையின் புருஷன் சமயநல்லூரில் லாரியில் அடிபட்ட அன்று. பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த ஒன்பது வயது ரோகிணியை இறக்கிவிட நேரமில்லாமல் வண்டியின் பின்னால் வைத்தே கூட்டிப் போய்விட்டார். அத்தை சிரித்துக்கொண்டே சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அடுப்ப அணைச்சுட்டு வாக்கா" என்றார். அந்தச் சொம்பு சிமெண்டுத் தரையில் உருண்டுபோன சத்தம் ரோகிணிக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆள் போகும் என்று அவள் நினைத்தாள். அந்த ஆள் எப்போதும் அப்பாதான் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

யார் போனது என்று வீட்டில் விசாரித்தபோது எல்லாம் குழம்பிக் கிடந்தது. அப்பாவின் பங்காளி வீரணன் சித்தப்பா, ரோகிணியின் தம்பி அழகுராஜாவின் கூட்டாளிகள் கார் எடுத்துப் போயிருப்பார்கள் என்று நினைத்தாராம். மொட்டைத் தலையோடு பாயில் உட்கார்ந்திருந்த அழகுராஜா, சித்தப்பா ஏற்பாடு செய்திருப்பார் என்று நினைத்தானாம். சுடுகாட்டுக்குப் போகும்போது மாயக்கா எங்கே என்று யாரோ கேட்டதும், உள்ளே மயங்கிக் கிடக்கிறாள் என்று யாரோ சொன்னதும் இரண்டு பேருக்கும் நினைவிருந்தது. ரோகிணியை அன்றைக்கு ஒருத்தி மடியில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அது அத்தைதான் என்று இவ்வளவு நாளும் நம்பியிருந்தாள். அது யாருடைய மடி?

இப்போது போய்ச் சொன்னால் அவள் மண்ணை வாரித் தூற்றுவாள், பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், பெரியவர்கள் நாலு பேர் போய்ப் பேசுவோம் என்றார் வீரணன். நாளைக்கு அவளே வேட்டி துண்டோடு வந்து வாசலில் இறங்குவாள் என்று ரோகிணி சொன்னாள். கொள்ளி வைத்தவன் இப்போது இன்னொரு வாசல் மிதிக்கக் கூடாது என்று அழகுராஜா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பொம்பளைப் பிள்ளை கேதம் சொல்லப் போவதை எங்கே கண்டிருக்கிறோம் என்றார் வீரணன்.

மூலையில் சுவரோடு சுவராக இருந்த அம்மா பாண்டீஸ்வரி மூன்று நாளில் முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"நீ போ. அவரு இருந்தா இந்நேரம் வாடிப்பட்டி தாண்டியிருப்பாரு."

கிளம்பும்போது ரோகிணி கண்ணாடியில் ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். பொட்டில்லாமல் எண்ணெய் காணாத தலையோடு போனால் தூரத்திலேயே தெரிந்துவிடும். தான் போய்ச் சொல்வதற்கு முன்னால் தன் முகம் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தாள். அதோடு பொய்யின் எண்ணிக்கை இரண்டு ஆயிற்று. முதலாவது, அப்பா வெளியே போயிருக்கிறார் என்றது.

காளவாசலில் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் கிடைத்தது. வெயில் கட்டடங்களை எல்லாம் தட்டையாக்கி வைத்திருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களைப் பார்த்தாள். எல்லார் கையிலும் செல்போன், எல்லாருக்கும் வாய். இவர்களில் ஒருத்தர் தனக்கு முன்னால் அத்தையிடம் போய்ச் சொல்லிவிட்டால் போதும், தான் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கணம் ஆசைப்பட்டாள். உடனே, அப்படி மட்டும் நடந்துவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டாள். இரண்டுமே உண்மையாக இருந்தன.

வாடிப்பட்டியில் இறங்கியதும் எதிரே அப்பா நின்றார். நீலக் கோட்டு. எந்தக் கல்யாண வீட்டிலோ எடுத்த படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி வைத்திருந்தார்கள். வாயோரம் ஏதோ சொல்ல வருவது போல ஒரு கோணல் சிரிப்பு. பந்தியில் யாருக்கோ சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தபோது எடுத்திருக்க வேண்டும். அவர் எந்தக் கல்யாணத்திலும் உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டவரில்லை. 'எங்களை ஆறாத்துயரில் ஆழ்த்திவிட்டுச் சென்ற' என்ற எழுத்துக்கள் பொன் நிறத்தில் மின்னின. படிக்கத் தெரியாத கண்ணுக்கு அது மங்கலமாகத்தான் இருக்கும்.

மினிபஸ் ஊருக்குள் நின்றபோது மணி இரண்டு. அத்தைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சோணை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். கூடவே அங்கிருந்த மற்றவர்களும் எழுந்தார்கள்.

"சனிக்கெழம சாயந்தரமே ஃப்ளெக்ஸப் பாத்துட்டோம் தாயி" என்றார் சோணை, குரலைத் தாழ்த்தி. "ஒங்க வீட்டாளுக வருவாக வருவாகன்னு பாத்துக்கிட்டே இருக்கோம். பொறந்த வீட்டுக் கேதத்த நாங்க எப்படிச் சொல்ல? காலைல மினிபஸ்ல அந்தக்கா எல்லாத்துக்கும் முட்டாய் குடுத்துச்சு. வாங்கி வாயில போட்டுக்கிட்டோம்."

அவள் நடந்தபோது அவர் பத்தடி தள்ளிப் பின்னாலேயே வந்தார். அவர் மனைவியும் வந்தாள். விழுந்தால் பிடிக்க.

அத்தை வீட்டிலிருந்து வெல்லப்பாகு வாசனை தெருவரைக்கும் வந்தது. கதவு திறந்திருந்தது. ரோகிணி வாசலுக்கு வெளியே நின்றாள். அதுவரைக்கும் சரியாகச் செய்தாள்.

"அடி ஆத்தி, நீயா? ஒங்கப்பன் அனுப்புனானா? சொல்லாதன்னு சொன்னா அந்த நிமிசமே சொல்லிட்டியா?" அத்தை கையில் அரிசிமாவோடு வெளியே வந்தாள். "கூப்பிட ஆளனுப்பிட்டான் பாரு. எனக்குத் தெரியும். அக்காளக் கூப்பிடாம அவன் எதையும் செஞ்சதில்ல."

அவள் முகம் கழுவித் துடைத்த மாதிரிப் பளிச்சென்று இருந்தது. அறுபத்தாறு வயசில் அவ்வளவு சந்தோஷத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும் ஒரு முகத்தை ரோகிணி பார்த்ததே இல்லை. உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

இதுதான் அந்த இடம் என்று ரோகிணிக்குத் தெரிந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டால் போதும். வாயே திறக்க வேண்டாம். ஆனால் தொண்டை காய்ந்திருந்தது, வெயில் உச்சந்தலையில் நின்றது, அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் இந்த அம்மாளுக்குத் தம்பி இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியது அத்தைக்காகவா தனக்காகவா என்பதை அவள் பிறகு எவ்வளவு யோசித்தும் பிரித்தெடுக்க முடியவில்லை. சொம்பை வாங்கினாள். குடித்தாள். தண்ணீர் நெஞ்சில் இறங்கியது.

பின்னால் சோணை ஒரு பெருமூச்சு விட்டது கேட்டது.

"உள்ள வா" என்றாள் அத்தை. ரோகிணி உள்ளே போனாள்.

கட்டிலின் மேல் கரைவேட்டியும் துண்டும் பிரிக்காத உறையோடு இருந்தன. பக்கத்தில் ஒரு சந்தன மாலை, நூறு வருஷமானாலும் வாடாதாம். அதிரசம் அம்பது சுட்டால் போதுமா, விழாவுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று அத்தை கேட்டாள். அவளே எழுபது என்று வைத்துக்கொண்டாள். அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்து மாவைத் தட்டிக்கொண்டே தம்பியைப் பற்றிப் பேசினாள். சின்ன வயசில் அவனுக்குக் கரண்ட் என்றால் பயமாம். சுவிட்சைப் போட அக்காளைத்தான் கூப்பிடுவானாம். அவன் போய்க் கம்பத்தில் ஏறுகிற வேலைக்குப் போனானே என்று சிரித்தாள். மாமா செத்த வருஷம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, ஒன்றும் பேசாமல், வீட்டில் எரியாத பல்பு எது என்று பார்த்து மாட்டிவிட்டுப் போவானாம். எரிகிற பல்பைக்கூடக் கழற்றி மாட்டுவானாம், வந்ததற்கு ஒரு வேலை வேண்டுமே என்று.

எண்ணெய் காய்ந்துவிட்டது. அதிரசம் ஒன்று மேலே மிதந்து வந்து, ஓரம் சிவந்து, திரும்பியது. அத்தையின் கை கொதிக்கிற சட்டிக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. ரோகிணி அந்தக் கையையே பார்த்தாள். இதற்குமேல் ஒரு நிமிஷமும் மிச்சமில்லை.

"அத்தை. அடுப்ப அணைச்சுட்டு வாங்க."

அத்தையின் முதுகு அசையாமல் நின்றது. கரண்டி சட்டியின் விளிம்பில் இருந்தது. வெளியே சோணை வாசலுக்கு ஏறி வரும் காலடி கேட்டது. அவள் கையை நீட்டி அடுப்பின் திருகை மூடினாள். எண்ணெய் மட்டும் கொஞ்ச நேரம் சலசலத்துக்கொண்டிருந்தது.

அவள் விழவில்லை. பிடிக்க வந்தவர்கள் நிலைப்படியிலேயே நின்றார்கள். திரும்பி ரோகிணியின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் பொட்டைப் பார்த்தாள்.

"தண்ணி குடிச்சியேடி" என்றாள்.

ரோகிணியின் கை பொட்டுக்குப் போய்த் திரும்பியது.

"நீ தண்ணி குடிச்சதும் அவன் நல்லாருக்கான்னு நெனச்சுட்டேன். காலைல போன்ல ஒங் குரல் சரியில்ல. மனசுக்குள்ள ஒரு இது. சரி, வரட்டும், தண்ணி குடுத்துப் பாப்போம்னு இருந்தேன்." பிறகு கேட்டாள்: "எப்ப?"

"வெள்ளிக்கெழம அத்தை."

அத்தை விரலை மடக்கவில்லை, ஆனால் உதடு எண்ணியது. வெள்ளி. சனி. ஞாயிறு.

"எடுத்தாச்சா?"

ரோகிணி தலையை ஆட்டினாள்.

"நேத்து கோழி தின்னேன்" என்றாள் அத்தை. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. சட்டியைப் பார்த்துச் சொன்னாள். "அவன் வரலன்னதும் வீணாப் போகுதேன்னு நானே உக்காந்து தின்னேன். எலும்பக்கூட விடல."

ரோகிணி அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். மறந்துபோச்சு அத்தை, ஒருத்தர ஒருத்தர் நம்பி விட்டுட்டோம், போன் என் கையிலதான் இருந்துச்சு, ஒங்க பேரப் பாத்தேன் என்று என்னென்னவோ சொன்னாள். சோணை அண்ணன் ஆட்டோ சொல்லியிருக்கிறார், இப்போதே வீட்டுக்கு வாங்க, அம்மா தனியா இருக்கு என்று கையைப் பிடித்தாள். அத்தை கையை உருவிக்கொள்ளவில்லை. அந்தக் கை அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

"மொகத்த வச்சிருந்தா வருவேன்" என்றாள். "எதப் பாக்க வர? நீ போத்தா. இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரு."

அவ்வளவுதான். மண்ணை வாரித் தூற்றவில்லை. அதைச் செய்திருந்தால் ரோகிணி வாங்கிக்கொண்டு போயிருப்பாள். அத்தை எழுந்து வேட்டியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிக்குள் வைத்தாள். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். சோணையின் மனைவி உள்ளே வந்து அதை வாங்கினாள். அப்போதுதான் முதல் சத்தம் அத்தையின் வாயிலிருந்து வந்தது. அழுகை மாதிரி இல்லை. ரோகிணியைச் சோணை தோளைத் தொட்டு வெளியே கூட்டி வந்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமிருந்தது. பஸ் வாடிப்பட்டியை விட்டுத் திரும்பும்போது ஃப்ளெக்ஸ் ஒரு கணம் ஜன்னலை முழுக்க நிறைத்துக்கொண்டு போயிற்று. அவள் நெற்றிப் பொட்டை எடுத்து முன் சீட்டுக் கம்பியில் ஒட்டினாள். அங்கே ஏற்கெனவே வேறு யாருடைய பொட்டோ இருந்தது.

சமயநல்லூர் தாண்டியதும் பைக்குள் அப்பாவின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். அக்கா.

பச்சைக் குறியின் மேல் விரலைக் கொண்டுபோனாள். தொட முடியவில்லை. அத்தை கூப்பிடுவது அவளை இல்லை. அத்தைக்கு அவள் எண் தெரியும். மணி கடைசிவரை அடித்து நின்றது. மறுபடி அடித்தது. பக்கத்தில் இருந்த பெண் அவளையும் போனையும் பார்த்தாள். எடும்மா, யாரோ ஒன்னைத் தேடுறாக என்றாள்.

காளவாசல் வரும்வரை பதினொரு முறை அடித்தது. ரோகிணி அதை மடியில் வைத்துக்கொண்டு, அது நடுங்குவதைக் கையால் அமுக்காமல், அப்படியே இருந்தாள். பன்னிரண்டாவது முறைக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.